டொக்டர் தனபாலனுக்கு வந்தது மாரடைப்பு அல்ல

கிளினிக்கின் தொலைபேசி அடித்தபோது காலைச் சந்தடி அடங்கவில்லை. என் மேசைக்கு முன்னால் காதுப் புண்ணோடு ஒரு ஸ்பானியல் நாய் தலையை உதறிக்கொண்டு நின்றது. நான் வழக்கம்போலக் கிளினிக்கின் பெயரைச் சொல்லி, "வதனி பேசுகிறேன், என்ன உதவி வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். மறுமுனையில் எங்கள் டொக்டரின் மனைவி மல்லிகா அக்கா. "வதனி, அவரு போயிட்டாரும்மா" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "தேங்க்யூ போர் கோலிங்" என்றேன். சொல்லிவிட்டு ரிசீவரையும் வைத்துவிட்டேன். வருடக்கணக்கான பழக்கம் வாயில் இருந்தது, செய்தி மூளைக்குப் போய்ச்சேரச் சற்று நேரம் எடுத்தது. பிறகு திரும்ப எடுத்து, அவர் பேச நான் அழுதேன். ஸ்பானியலின் சொந்தக்காரி எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் எடுத்து வந்து தந்தார்.

டொக்டர் தனபாலன் மலேசியாவில் ஈப்போவுக்குப் போயிருக்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தம்பி மகளின் கலியாணம் என்று சொல்லியிருந்தார். இங்கே பெண்டில் ஹில்லில் நல்ல பட்டு வேட்டி எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னிடம் விசாரித்தார், நானும் பெரிய நிபுணிபோலக் கடை சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், "டொக்டர் இப்ப அங்க நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டு எங்களை நினைச்சும் பாக்கமாட்டார்" என்று பகிடி விட்டோம். அவர் அந்த நாட்கள் முழுவதும் இங்கேயே, பரமட்டாவுக்குக் கிட்ட ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் வேலைக்கு வரும் பஸ் அந்த வாசலால்தான் போகும்.

அன்று பின்னேரமே வாட்ஸப்பில் "மாரடைப்பாம்" என்று ஒருவர் போட்டார். யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மாரடைப்பு எங்கள் ஆட்களுக்கு மரியாதையான வருத்தம். அதை வாய்விட்டுச் சொல்லலாம், அழலாம், "நல்ல சாவு" என்றும் சொல்லிக்கொள்ளலாம். என்னிடம் கேட்ட இரண்டொருவருக்கு நானும் "ஓம், திடீரென்றுதான்" என்று பதில் போட்டேன். எனக்கு அப்போது உண்மை தெரியாது. ஆனால் தெரியாது என்று எழுதவும் எனக்கு மனம் வரவில்லை.

இப்போது தெரியும். மல்லிகா அக்கா இதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார், அதனால் எழுதுகிறேன். டொக்டர் தனபாலனுக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய். நெடுநாளாக அவருக்கு மலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த பக்கம் போனால் எனக்குத் தைரியம் போய்விடும். போன தீபாவளிக் காலத்திலிருந்து எனக்கும் அப்படிப் போகிறது. நானும் ஒருவருக்கும் சொல்லவில்லை. இந்த வரியை எழுதும் நேரம்வரை என் கணவருக்கும் தெரியாது. நினைவுக் கூட்டத்தில் கொடுக்கும் மலருக்கு ஒரு கட்டுரை தாங்கோ என்று கேட்டவர்கள் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார்கள், பாவம்.

டொக்டரை உங்களுக்குத் தெரியும். டூங்கபி ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் எங்கள் கிளினிக். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே நின்றுவிட்ட மிருக வைத்தியர். கலியாண வீடுகளில் அவரை "டொக்டர்" என்று அறிமுகப்படுத்துவார்கள். உடனே யாராவது ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டு வந்து நிற்பார். "நாலு கால் இருந்தாத்தான் நான் பாப்பேன், ரெண்டு கால் பத்தாது" என்பார் டொக்டர். வந்தவர் அசடு வழியத் திரும்புவார். முதுகுக்குப் பின்னால் "நாய் டொக்டர்" என்று சொன்னவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுடைய நாய்களையும் தெரியும்.

கிளினிக்கில் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "நேத்து என்னா சாப்டாரு?" நாயை அவர் 'அது' என்று சொல்லிக் கேட்டதில்லை. கேட்கும்போது சொந்தக்காரரைப் பார்க்கவும் மாட்டார், நாயையே பார்ப்பார். ஒருநாள் கிரவீனிலிருந்து ஒரு குடும்பம் மிலோ என்ற லாப்ரடோரைத் தூக்கிக்கொண்டு வந்தது. குடும்பத்தின் பெயர் வேண்டாம், அவர்களும் இதை வாசிப்பார்கள். மிலோ விடாமல் சத்தி எடுத்தது. வயிற்றைத் தொடவிடாமல் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. டொக்டர் கேள்வியைக் கேட்டார்.

"பிஸ்கற் மட்டும்தான் டொக்டர். வேற ஒண்டும் குடுக்கிறேல்லை."

"ஒண்ணுமே?"

"சத்தியமா டொக்டர்."

டொக்டர் மிலோவின் வாய்க்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனார். "வதனி, இங்க வாங்க. இது என்னா வாசம்?" என்றார். எனக்குத் தெரியாதா என்ன வாசம் என்று! முதல் நாள் அந்த வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்கு நானும் போயிருந்தேன். அந்த ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டவள் நான். வெட்டி ஒதுக்கிய கொழுப்பை யாரோ ஒரு தட்டில் போட்டுப் பின்வளவுக்குக் கொண்டுபோனதையும் கண்டேன். வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்படியே உருகிப்போனேன். "எனக்குத் தடிமன் டொக்டர், மூக்கு அடைச்சிருக்கு, மணம் பிடிக்கேல்லை" என்றேன்.

டொக்டர் எங்களை எல்லாம் வெளியே அனுப்பினார். "நானும் மிலோவும் பேசிக்கறோம்" என்று கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் வெளியே வந்து, "மிலோ சொல்லிட்டாரு. மட்டன் கொழுப்பாம், நெறைய. கணையம் வீங்கிப் போச்சு. டிரிப் போடணும்" என்றார். அவர்களை ஒரு சொல் ஏசவில்லை. மிலோ சில நாட்கள் எங்களோடு இருந்து, தேறி, வீட்டுக்குப் போனது. எனக்குத்தான் விடுதலை கிடைக்கவில்லை. ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நாளும் தேநீர் நேரத்தில், "வதனி, உங்க தடிமன் எப்படியிருக்கு?" என்று கேட்டுக் கேட்டு என் மானத்தை வாங்கினார்.

ஏன் பொய் சொல்கிறோம்? வெள்ளைக்கார வைத்தியருக்கு முன்னால், நாய்க்குச் சோறும் கறியும் போடுகிறோம் என்று சொல்ல வெட்கம். தமிழ் வைத்தியர் என்றால் இன்னும் வெட்கம், வெள்ளிக்கிழமை கோயிலில் கண்டுவிடுவாரே. மாதக்கணக்காக மணக்கும் காதுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டதைச் சொல்ல மாட்டோம். நொண்டிய நாய்க்கு எங்கள் வீட்டுக் குளிசையைப் பாதியாய் உடைத்துக் கொடுத்ததைச் சொல்லவே மாட்டோம், அது ஈரலைக் கெடுக்கும் என்று கேட்ட பிறகும் சொல்ல மாட்டோம். டொக்டர் ஒருமுறை கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இவங்க வெட்கத்துக்கு எங்கிட்ட ஊசி இல்ல வதனி. நாய்க்கு மட்டும்தான் இருக்கு."

கௌரி அன்ரியின் பெயரைச் சொல்ல அவர் சம்மதம் தந்திருக்கிறார். "எழுது பிள்ளை, நாலு பேர் படிக்கட்டும்" என்றார். அவருடைய நாய் பிரவுணிக்கு நீரிழிவு. தண்ணீர் குடித்துக் குடித்து வீடெல்லாம் நனைத்து, கண்ணும் வெண்மை பூத்த பிறகுதான் கண்டுபிடித்தோம். காலையும் மாலையும் சாப்பாடு, சாப்பிட்ட கையோடு இன்சுலின். நேரம் தப்பவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அன்ரியும் ஊசி போடப் பழகிவிட்டார். பிறகு கந்தசஷ்டி வந்தது. வீடு கழுவி, குசினி கழுவி, மீனும் இறைச்சியும் சமைக்கும் மச்சச் சட்டிகளை எல்லாம் கராஜுக்குள் வைத்தாயிற்று. அந்த வீட்டுக்குள் நாயின் இறைச்சித் தகரத்தை எப்படித் திறப்பது? அன்ரி பிரவுணிக்கும் பால்சோறு வைத்தார். பிரவுணி மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் ஊசி நேரம் தப்பக் கூடாதே! அன்ரி ஊசியைப் போட்டுவிட்டார்.

பழைய சீலையில் சுற்றிக் கொண்டுவந்தபோது பிரவுணிக்குக் கால் நிற்கவில்லை, உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. "என்னா சாப்டாரு?" என்றார் டொக்டர். "வழமைபோலத்தான் டொக்டர், வடிவாச் சாப்பிட்டவன்" என்றார் அன்ரி. டொக்டர் காதில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார். சீனி அடிமட்டத்தில் இருந்தது. ஈறில் குளுக்கோஸைத் தேய்த்து, நரம்பிலும் ஏற்றி, நடுக்கம் நின்ற பிறகுதான் திரும்பினார்.

"அன்ரி, சாப்பிட்டவருக்கு இப்படி எறங்காது."

அன்ரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "சஷ்டி டொக்டர். இங்க இருக்கிற வெள்ளைப் பிள்ளையள் சிரிப்பினமெண்டு சொல்லேல்லை."

"விரதம் உங்களுக்கு. அவருக்கு இல்ல. முருகன் கோவிச்சுக்கவெல்லாம் மாட்டாரு" என்றார் டொக்டர். அதோடு விட்டிருந்தால் அவரை நான் மறந்திருப்பேன். "அடுத்த சஷ்டிக்கு பிரவுணி சாப்பாடு இங்க. வேலைக்குப் போகும்போது உங்க மக கொண்டுவந்து விடட்டும், திரும்பும்போது கூட்டிட்டுப் போகட்டும். வதனி தகரத்தைத் திறந்து போடுவாங்க" என்றார். நானும் சஷ்டி பிடிக்கிறவள். என் முகம் போன போக்கைப் பார்த்து, "கை கழுவினா போயிடும் லா" என்றார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு சஷ்டிக்கும் நான் வெறும் வயிற்றோடு நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறைச்சித் தகரம் திறந்தேன். பிரவுணி போன வருடம்வரை இருந்தது.

இனி ஒரு பெட்டிக் கதை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் நாய் இளைத்துக்கொண்டு போனது. புழுவாக இருக்கலாம், மலம் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்று டொக்டர் சொல்லியனுப்பினார். மாஸ்டர் வந்த நேரம் காத்திருக்கும் இடத்தில் அவருக்குத் தெரிந்த இரண்டு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அவர் அவர்களுக்கு வணக்கம் சொல்லி, சுகம் விசாரித்து, என் மேசைக்கு வந்து, ஒரு பலகாரப் பெட்டியை மெல்ல வைத்தார். "டொக்டரிட்டைக் குடுத்துவிடு பிள்ளை" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, ஆள் பறந்துவிட்டார். அன்று பிள்ளையார் சதுர்த்தி கழிந்த கிழமை. மோதகம் என்று நினைத்துக்கொண்டு நான் அதை எங்கள் சாப்பாட்டுக் குளிர்ப்பெட்டிக்குள், டொக்டரின் தயிருக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன்.

மத்தியானம் "அலாமா!" என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் டொக்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"அவரு ஏன் வதனி சொல்லல?"

"வெக்கம் டொக்டர். ஆக்கள் இருந்தவை."

"நீங்க ஏன் கேக்கல?"

அவர் பெட்டியை என் பக்கம் திருப்பினார். "சரி, நீங்க சொல்லுங்க. இது என்னா?" என்றார். "சாம்பிள்" என்றேன். "அது இங்கிலீஷு. தமிழ்ல." நான் வாய்க்குள் முணுமுணுத்தேன். "கேக்கல." கடைசியில் கோபம் வந்து, "மலம்! மலம்! காணுமா டொக்டர்?" என்று கத்தினேன். வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வானம் விழலியே" என்று சொல்லிவிட்டு, அவர் பெட்டியோடு நுண்ணோக்கிப் பக்கம் போனார். கொக்கிப்புழு இருந்தது. மருந்து கொடுத்தோம், நாய் தேறியது. மாஸ்டர் மட்டும் அதன் பிறகு என்னைக் கோயிலில் கண்டால் வேறு வாசலால் போவார்.

இவ்வளவும் நான் சிரித்துச் சிரித்துச் சொல்லக்கூடியவை. செத்த வீட்டிலும் இவற்றைத்தான் சொல்லிச் சிரித்தோம், அழுதோம். அடுத்ததைச் சொல்லச் சிரிப்பு வராது.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து, சென்னைக்காரர் ஒருவர் வயதான ஒரு ஷெப்பர்ட் நாயைக் கொண்டுவந்தார். கணினி வேலை செய்யும் பிள்ளை, நல்ல மரியாதையான ஆள். நாய் சாப்பிடுகிறது, ஆனால் மெலிகிறது, மலத்தில் இரத்தம். எவ்வளவு காலமாக என்று டொக்டர் கேட்டார்.

"ஒரு மாசமா இருக்கும் சார். பைல்ஸா இருக்கும்னு நெனச்சோம்."

டொக்டர் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒரு நாள்தான். "ஒரு மாசமா ரத்தம் போகுது! கண்ணால பாத்துட்டுப் பேசாம இருக்கீங்க! அவருக்கு வாய் இல்ல சார். உங்களுக்கு இருக்குல்ல?" குரல் என் மேசைவரை வந்தது. அந்தப் பிள்ளை வெலவெலத்துப் போனார். டொக்டர் சட்டென்று அறையை விட்டு வெளியேறிக் கழிவறைக்குள் போனார். வர நெடுநேரமாயிற்று. முகம் கழுவிக்கொண்டு வந்து, "மன்னிச்சுக்கங்க" என்று கையைப் பிடித்தார். அந்த நாயின் குடலில் கட்டி இருந்தது. அந்தக் கிழமையே டொக்டர் தன் கையால் அதை வெட்டி எடுத்தார். ஷெப்பர்ட் இன்றைக்கும் நன்றாக நடக்கிறது, போன மாதம் நகம் வெட்ட வந்தது.

அன்று பின்னேரம் அவர் மேலங்கியைக் கழற்றியபோது இடுப்புப் பட்டியைப் பார்த்தேன். கத்தியால் குத்திப் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். கழுத்துப் பக்கம் சட்டை தொங்கியது. "டொக்டர், நல்லா மெலிஞ்சு போனியள்" என்றேன். "வாக்கிங் போறேன் வதனி. நீங்களும் போங்க" என்றார். கிளினிக்கின் வாசலிலிருந்து தெருமுனைக் கடைக்குக் காரில் போகிறவர் அவர்! பிஸ்கற் மட்டும்தான் என்று சத்தியம் செய்கிற முகங்களை அத்தனை வருடம் பார்த்தவள் நான். அதே முகம் என் முன்னால் நின்றது. எனக்குத் தெரிந்தது. நான் "நல்லது டொக்டர்" என்றேன்.

ஆம்பிளை, என் முதலாளி, வயதுக்கு மூத்தவர். அவரிடம் போய் உங்கள் வயிறு எப்படி, கழிவறையில் ஏன் இவ்வளவு நேரம் என்று நான் எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அது மட்டுமல்ல காரணம். அந்தச் சென்னைப் பிள்ளை "பைல்ஸ்" என்று சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்த காலத்தில் வந்த மூலம், உடம்புச் சூடு, மிளகாய்த்தூள் கூடிப்போச்சு. அவரைக் கேட்டால் அவர் திருப்பி என்னைக் கேட்பார் என்று பயந்தேன். ஆளுக்கு ஆள் மரியாதை காத்தோம்.

செத்த வீட்டுக்குப் பிறகு ஒருநாள் மல்லிகா அக்காவைப் பார்க்கப் போனேன். குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். ஐம்பது கடந்தவர்களுக்கு அரசாங்கம் தபாலில் அனுப்புகிற அந்தச் சோதனைப் பெட்டி இருக்கிறதே, மலத்தில் ஒரு துளி எடுத்துத் திருப்பி அனுப்புவது, அதைப் பற்றிச் சொன்னார்.

"வரும் வதனி. நான் என்னோடத அனுப்பிருவேன். அவரு, அப்புறம், அப்புறம்பாரு. 'தெனம் நாய்ப் பீயப் பாக்கறேன், வீட்டுக்கு வந்துமா'ன்னு சிரிப்பாரு. நானும் சிரிச்சேன். நானும் சிரிச்சேன் பாருங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்டுபிடிச்சப்ப ஈரலுக்குப் போயிருச்சு. மலம் போக வயித்துல பை வைக்கணும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அந்தக் கல்யாணக் கதை. நாந்தான் சொன்னேன், வதனிக்காவது சொல்லலாமேன்னு. 'பழத்தோட வந்து நிப்பாங்க, எங்க வலிக்குதுன்னு கேப்பாங்க, நான் எந்த எடத்தக் காட்டுறது'ன்னு அழுதாரு." அடுப்பைத் துடைத்தார். "மாரடைப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் தலையாட்டிட்டேன். இனி என்னால முடியாது. நீங்க எழுதுவீங்கல்ல, நல்லாத் தமிழ்ல எழுதுங்க. சுகவீனம்னு மட்டும் எழுதாதீங்க."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த ரோசத்தோடு மறுநாளே என் வைத்தியரிடம் போனேன். டூங்கபியில்தான், என் சிநேகிதியின் மகள், நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

"என்ன அன்ரி, ஹவ் ஆர் யூ?"

"சுகம் பிள்ளை. பிறஷர் குளிசை முடிஞ்சு போச்சு."

"எனிதிங் எல்ஸ்?"

"இல்லை, இல்லை. வேற ஒண்டுமில்லை."

"ஷுவரா அன்ரி?"

"ஓம் பிள்ளை. அம்மா சுகமோ?"

மருந்துச் சீட்டோடு வெளியே வந்தேன். சீ! அவர் செத்துப்போய் ஒரு மாதம் ஆகவில்லை. அவருடைய மனைவியின் கையைப் பிடித்து முதல் நாள்தான் அழுதேன். காருக்குள் இருந்து என்னையே வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசிவிட்டு, கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இதைவிட வெட்கமான ஒன்றை என்னைப் பற்றி என்னால் எழுத முடியாது.

பிறகு இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். தொடக்கத்தில் என் கணவருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறேன், அது எழுதிய நேரத்து உண்மை. ஷெப்பர்ட் நாயின் கதைவரை வந்தேன். "உங்களுக்கு இருக்குல்ல?" என்று டொக்டர் கேட்டதை எழுதிவிட்டு என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. பேனையை வைத்துவிட்டு எழுந்து, குசினியில் நின்றபடி வைத்தியரின் இலக்கத்தை அழுத்தினேன். என்ன விஷயமாக வருகிறீர்கள் என்று ஒரு பெண்பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாள். நாள் முழுக்க நான் பிறரைக் கேட்கும் கேள்வி. "பேர்சனல்" என்றேன். "அவசரமா?" என்றாள். நிஷா என்று பெயர் சொல்லியிருந்தாள், பேச்சில் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்தது, அதனால் தமிழிலேயே சொன்னேன்.

"பிள்ளை, எனக்கு மலத்தோட இரத்தம் போகுது. தீபாவளியில இருந்து."

"ஓகே அன்ரி. இண்டைக்கே வாங்கோ. பின்னேரம் ஒரு இடம் போட்டுவிடுறன்" என்றாள். அவ்வளவுதான்.

திரும்பினால், என் கணவர் வாசலில் நின்றார். ஹோலில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றிருந்தது.

"என்ன சொன்னனீ?"

நான் தொலைபேசியை மேசையில் வைத்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"வெக்கமா இருந்தது."

"என்னட்டையுமா?"

அவர் குரல் உடைந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே கழிவறையில்! அவர் மேசையில் கிடந்த கத்தரிக்காயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சட்டை மாத்திப்போட்டு வாறன். நானும் வாறன்" என்று உள்ளே போனார்.

சிநேகிதியின் மகள் என்னை ஏசவில்லை. பார்த்தாள், எழுதினாள், ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தாள். வரும் புதன்கிழமை குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். வெறும் மூலமாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம். நீங்கள் இந்த மலரைக் கையில் எடுக்கும்போது எனக்குத் தெரிந்திருக்கும். கூட்டத்தில் என்னைக் கண்டால் கேளுங்கள், சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கும் அந்தச் சோதனைப் பெட்டி வந்திருக்கும். எந்த அலுமாரியில் எதற்குப் பின்னால் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நான் அதைச் சொல்லத் தேவையில்லை.

டொக்டரின் படம் ஒன்று கிளினிக்கில் மாட்டியிருக்கிறோம். மல்லிகா அக்கா அவருடைய தேநீர்க் கோப்பையை எனக்குத் தந்தார், வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் போகாமல் விட்ட அந்தப் பரிசோதனையை. டொக்டர், உங்களைக் கேட்டிருக்க வேண்டிய நேரத்தில் நான் "நல்லது" என்றேன். உங்களுக்குக் குறித்திருக்க வேண்டிய நாளில் இப்போது நான் போய்ப் படுக்கிறேன். வெட்கம் இன்னும் போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.